கேடிஎச் வானுக்கு எந்த ஒயில் பில்டர்? மரை ஏறுகிறது, ஆனால் ஆடுகிறது

கொட்டாஞ்சேனைக்காரன் | சனி, மாலை 6.10

வணக்கம். என்னுடையது 2010 டொயோட்டா கேடிஎச் வான், 3 லீற்றர் டீசல். கட்டுநாயக்க எயார்போட் ஹயர்தான் அன்றாடப் பிழைப்பு. அடுத்த மாதம் மடு மாதா திருவிழாவுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போக அட்வான்ஸ் வாங்கிவிட்டேன், அதனால்தான் இந்த அவசரம்.

போன வாரம் ஒயில் மாற்றினேன். வழக்கமாகப் போடும் பில்டர் கடையில் இல்லை. கவுண்டரில் நின்ற பையன் என் கையில் இருந்த பழைய பில்டரை வாங்கி, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து, உயரம் பார்த்து, ரப்பர் வளையம் பார்த்து, "மேக்கத் யனவா மாத்தையா" (இதுவும் போகும் ஐயா) என்றான். விலையும் 600 ரூபா குறைவு. வாங்கிவிட்டேன். கராஜில் வேலை பழகும் தம்பி ஒருவன்தான் பூட்டினான். முதல் இரண்டு சுற்றில் பில்டர் கையில் கொஞ்சம் ஆடியது, பிறகு இறுகிவிட்டது. 300 கிலோமீற்றர் ஓடியிருப்பேன். இன்று காலை பார்க்கிறேன், வானுக்கு அடியில் ஐந்து ரூபாக் காசளவில் ஒயில் பொட்டு.

இன்னும் கால் சுற்று இறுக்கினால் போதும் என்கிறான் தம்பி. இறுக்குவதா, கழற்றுவதா? சரியான பில்டர் எது என்று யாராவது நம்பரோடு சொன்னால் புண்ணியம்.

மருதானை_மைனர் | சனி, மாலை 6.32

ஜப்பான் பில்டர் போடுங்க அண்ணே. மற்றதெல்லாம் வேஸ்ட்.

பழைய_பாஸ் | சனி, இரவு 8.05

ஜப்பான் பில்டர் என்று ஒரு பில்டர் கிடையாது மைனர் தம்பி. ஹொண்டாவுக்குச் செய்ததை டொயோட்டாவில் பூட்டினாலும் அது ஜப்பான் பில்டர்தான்.

கொட்டாஞ்சேனை, இறுக்க வேண்டாம். ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். பூட்டும்போது ஆடியது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயம். ரப்பர் வளையம் மட்டும் பிழை என்றால் ஒயில் ஒழுகும், அவ்வளவுதான். மரை பிழை என்றால் பில்டரே கழன்று போகும். களனிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது போனால், ஏழு லீற்றருக்குக் கிட்ட உள்ள ஒயில் முழுவதும் ரோட்டில் கிடக்கும். டாஷ்போர்டில் சிவப்பு ஒயில் லைட்டைப் பார்த்து ஓரம் கட்டுவதற்குள் பெயாரிங் முடிந்துவிடும்.

நம்பர் கேட்டீர்கள். தர மாட்டேன், கோபிக்க வேண்டாம். கம்பனிகள் பழைய நம்பரை நிறுத்திப் புது நம்பர் போடுகின்றன. ஒரே பில்டருக்கு நாட்டுக்கு நாடு வேறு நம்பரும் இருக்கிறது. நாளைக்கு எல்எச் வைத்திருப்பவர் ஒருவர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அதே நம்பரை வாங்கிப் பூட்டுவார்.

அதைவிட, பதிவுப் புத்தகத்தை எடுங்கள். செசி நம்பரின் முதல் எழுத்துகளிலேயே பாதி விடை இருக்கிறது. நாங்கள் கேடிஎச் என்று ஏதோ மொடல் பெயர் மாதிரிச் சொல்கிறோம். எச் என்பது ஹையேஸ். முன்னால் இருக்கும் கேடி, எஞ்சின் குடும்பத்தின் பெயர். எல்எச் என்றால் பழைய எல் எஞ்சின், நம் ஊரில் டொல்பின் என்று சொல்லும் பழைய ஹையேஸ் வான்களில் இருப்பது. டிஆர்எச் என்றால் பெட்ரோல். புதிதாக வருபவை ஜிடிஎச். கேடிக்குள்ளும் இரண்டு உண்டு: 2கேடி என்றால் 2494 சிசி, 1கேடி என்றால் 2982 சிசி. உங்களுடையது 3 லீற்றர் என்றால் 1கேடி. முழுச் செசி நம்பரையும் கொடுத்து, கட்லொக் பார்த்து எடுத்துத் தரும் கடையில் வாங்குங்கள்.

அதற்கு முன் பில்டரைக் கழற்றி, எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டையும் பில்டரின் நடு ஓட்டையையும் ஒரு வேர்னியரால் அளந்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, முற்பகல் 11.20

வேர்னியருக்கு எங்கே போவது என்று யோசித்தேன். ஒழுங்கைக்குள் லேத் கடை வைத்திருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தார், கொண்டுவந்து அவரே அளந்தார். எஞ்சின் பக்கத் தண்டு 19 மில்லிமீற்றர், ஒரு மயிரிழை கூட. பில்டர் ஓட்டையின் உள்வாய் 18.4. இதில் என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. 19 பெரிது, 18.4 சிறிது. பிடிக்கத்தானே வேண்டும்? அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், வேலை இருந்தது போல.

கிராண்ட்பாஸ்_லேத் | ஞாயிறு, பிற்பகல் 2.45

அந்த அண்ணன் தலையை ஆட்டியதற்குக் காரணம் நான் சொல்கிறேன், எனக்கும் இதே தொழில்.

ஜப்பான் வண்டிகளின் ஒயில் பில்டரில் அதிகம் காண்பது இரண்டு மரை. ஒன்று முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 பல். மற்றது எம்20, அதாவது 20 மில்லிமீற்றர் தண்டுக்குரியது, பல்லுக்குப் பல் 1.5 மில்லிமீற்றர். டொயோட்டாவின் கேடி எஞ்சின் முதல் வகை. ஹொண்டா, மஸ்டா, நிசான் பலவற்றில் இரண்டாவது வகை. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர், உங்கள் தண்டு அதுதான். அதற்குரிய பில்டரின் உள்வாய் 17.3, 17.5 அளவில் இருக்கும். உங்களுடையது 18.4 என்றால் அது எம்20. ஆள் மாறிவிட்டது.

பிடிக்கத்தானே வேண்டும் என்று கேட்டீர்கள். பிடிக்கும், அதுதான் ஆபத்தே. சரியான ஜோடியில் பல்லின் முழு உயரமும் உள்ளே உட்காரும். உங்களுடையதில் பல் நுனி மட்டும், பாதிகூட இல்லை. மேலே உள்ள விளிம்பில் விரல் நுனியால் தொங்குகிற மாதிரி. அப்புறம் ஏன் இறுகியது? ஒன்றின் பல் இடைவெளி 1.59, மற்றது 1.5. ஐந்தாறு பல் ஏறியதும் அந்த வித்தியாசம் சேர்ந்து அரை மில்லிமீற்றர் ஆகிவிடும், பல் பல்லோடு முட்டும். கைக்கு இறுகினது போலத் தெரிவது ரப்பர் உட்கார்ந்ததால் இல்லை, பல் முட்டியதால். கராஜ் தம்பி சொன்ன கால் சுற்றை இறுக்கினால் பல் மழுங்கும். மழுங்குவது பில்டரின் பல் என்றால் 2,000, 3,000 ரூபாயோடு போகும். எஞ்சினில் இருக்கும் தண்டின் பல் என்றால் என் மாதிரி ஆளிடம்தான் வர வேண்டும்.

இன்னொரு கணக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் தடிப்பாக இருக்கும்போது பிரஷர் 5 பார் வரைக்கும் போகலாம், அதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 5 கிலோ. ரப்பர் வளையத்தின் விட்டம் 63 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டு அந்த வட்டத்தின் பரப்பைப் பிரஷரால் பெருக்கிப் பாருங்கள், பில்டரைக் கீழே தள்ளும் பலம் ஏறக்குறைய 160 கிலோ வரும். இரண்டு பெரிய ஆட்கள் அந்தப் பல் நுனியில் தொங்குகிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.02

கடவுளே. கட்டுநாயக்கவுக்கு இந்தக் கிழமை நாலு தடவை போய் வந்தேன், அதில் இரண்டு எக்ஸ்பிரஸ்வேயில்.

ஏ9_ஓட்டி | ஞாயிறு, மாலை 5.40

எல்லோரும் பெரிதாக்குகிறீர்கள். நான் 20 வருஷமாகப் பழைய பில்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளுக்குப் போய், அதே மாதிரி ஒன்று என்று கேட்டு வாங்குகிறேன். செசி நம்பர், கட்லொக் ஒன்றும் பார்த்ததில்லை. யாழ்ப்பாணம் வவுனியா என்று ஓடாத ஓட்டம் இல்லை. முடிந்தால் ஒரு சைஸ் பெரிதாகவே போடுவேன், அழுக்கு கூடப் பிடிக்கும்.

பழைய_பாஸ் | ஞாயிறு, இரவு 7.30

ஏ9 அண்ணே, உங்கள் 20 வருஷத்தை நான் குறை சொல்லவில்லை. முதல் நாள் உங்கள் வண்டியில் இருந்த பில்டர் சரியானதாக இருந்திருக்கிறது, அதிலிருந்து நகல் எடுத்து நகல் எடுத்து வருகிறீர்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் இப்போது ஓடும் வண்டிகளில் எத்தனை கை மாறியவை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனத்துக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருஷம் ஒரே வண்டிகளையே நாங்கள் எங்களுக்குள் விற்று வாங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது சொந்தக்காரர் அவசரத்துக்கு ஒரு பிழையான பில்டர் போட்டிருப்பார். நாலாவது ஆள் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போவார். கடைக்காரர் நேர்மையாக, துல்லியமாக, அதே பிழையைத் திரும்பக் கொடுப்பார்.

என்னிடம் வந்த ஒரு டொல்பினில் இப்படித்தான். பில்டர் எடுக்கப் போன சொந்தக்காரர் சாம்பிளைக் காட்டி வாங்கி வந்தார், பூட்டிப் பார்த்தால் ரப்பர் வளையத்தின் வெளி ஓரம் எஞ்சினின் இருக்கைக்கு வெளியே ஒரு நூல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பழையதும் அப்படியேதான் இருந்திருக்கிறது. "எனக்குத் தெரிஞ்ச நாளில இருந்து கொஞ்சம் ஒயில் அடிக்கும் பாஸ்" என்றார் மனுஷன், ஏதோ வண்டியின் சுபாவம் மாதிரி.

பெரிய பில்டர் விஷயம்: மரை, வளையத்தின் விட்டம், உள்ளே இருக்கும் வால்வின் அளவு மூன்றும் ஒன்றாக இருந்து, உயரம் மட்டும் கூடினால் போடலாம். ஒயிலும் அந்தளவு கூட ஊற்ற வேண்டும். வால்வு வேறு என்றால் பெரிதாக இருந்து பிரயோசனம் இல்லை.

புதுமுகம்_தெஹிவளை | ஞாயிறு, இரவு 8.15

உள்ளே வால்வு இருக்கிறதா? நான் இத்தனை நாளும் அது ஒரு தகர டப்பாவுக்குள் கடதாசி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெனரேட்டர்_மாமா | ஞாயிறு, இரவு 9.50

வால்வு என்றதும் நான் வந்துதான் ஆக வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஜெனரேட்டரைப் பார்ப்பது என் வேலை.

தெஹிவளைத் தம்பி, ஒரு புதுப் பில்டரைக் கையில் எடுத்து வாயைப் பாருங்கள். சுற்றிவரச் சின்னச் சின்ன ஓட்டைகள், அதால் ஒயில் உள்ளே போகும். நடுவில் மரையுள்ள பெரிய ஓட்டை, அதால் வடிந்த ஒயில் எஞ்சினுக்குத் திரும்பும். சின்ன ஓட்டைக்குள் ஒரு குச்சியை விட்டால் மெத்தென்று ஒரு ரப்பர் தட்டும். அது எஞ்சின் நின்ற பிறகு பில்டரில் இருக்கும் ஒயில் திரும்பி வடிந்து போகாமல் பிடித்து வைக்கும் வால்வு. வாய் கீழே பார்க்க அல்லது படுக்கையாகப் பூட்டும் எஞ்சின்களுக்கு இது கட்டாயம். இது இல்லாமலோ ரப்பர் காய்ந்தோ போனால், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது லைட் அணைய மூன்று நாலு வினாடி பிடிக்கும், எஞ்சின் மேல் பக்கம் கடகடவென்று கேட்கும்.

இரண்டாவது வால்வு அடியிலோ மேலேயோ ஒரு ஸ்பிரிங்கோடு இருக்கும். கடதாசி அடைத்துவிட்டால், அல்லது ஒயில் மிகத் தடிப்பாக இருந்தால், அது திறந்து ஒயிலை வடிக்காமலே அனுப்பும். அழுக்கு ஒயில் போவது ஒயிலே போகாமல் இருப்பதைவிட மேல். எத்தனை பிரஷரில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பெட்ரோல் கார் பில்டர்களில் பெரும்பாலும் 1 பாருக்கு அக்கம்பக்கம், டீசலில் அதற்கு மேலும் போகும். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும், அதற்குரிய பில்டரில் வால்வே இருக்காது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

2022 ஞாபகம் இருக்கிறதல்லவா. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரும் 250 மணி நேரச் சேர்விஸ் எங்களுக்கு சில வாரங்களிலேயே வந்து நின்றது. டொலர் இல்லை, சாமான் இல்லை. நிர்வாகத்தில் ஒருவர் எங்கேயோ தேடி அதே சைஸில் ஒன்று கொண்டுவந்தார். மரை சரி, வளையம் சரி, ஒரு சொட்டு ஒழுகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த முறை கழற்றி வெட்டிப் பார்த்தேன். உள்ளே கடதாசி மடிப்புகள் எல்லாம் நடுக் குழாயோடு ஒட்டிக் கசங்கிக் கிடக்கின்றன, ஒரு இடத்தில் கிழிந்தும் விட்டது. எங்கள் எஞ்சின் பக்கத்தில் வால்வு இல்லை, கொண்டுவந்த பில்டரிலும் இல்லை. அடைத்த கடதாசியை பம்ப் நேராகப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. கிழிந்த கடதாசித் துண்டு எங்கே போயிருக்கும் என்று யோசித்து இரண்டு இரவு நித்திரை இல்லை.

மருதானை_மைனர் | ஞாயிறு, இரவு 10.20

கொழும்பில் குளிர் இல்லையே மாமா, ஒயில் எப்படித் தடிக்கும்? நுணுக்கமாக வடிக்கும் பில்டராகப் பார்த்துப் போட்டால் டீசல் கரி எல்லாம் பிடிபடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

ஜெனரேட்டர்_மாமா | திங்கள், காலை 6.35

குளிர் வேண்டாம் மைனர். 15டபிள்யூ40 ஒயில் 100 பாகையில் இருப்பதைவிட 40 பாகையில் ஏழு எட்டு மடங்கு தடிப்பு. காலை ஆறு மணிக்குக் கொழும்பு 25 பாகை, இன்னும் தடிப்பு.

கரியைப் பிடிப்பது நடக்காத காரியம். டீசல் கரித் துகள் ஒன்று ஒரு மைக்ரோனுக்கும் சின்னது, சாதாரணப் பில்டர் கடதாசி அதைக் கண்டுகொள்ளாது. அதைக் கட்டி தட்டாமல் மிதக்க வைப்பது ஒயிலில் சேர்த்திருக்கும் மருந்து. ஒயில் மாற்றியதும் அடுத்த நாளே கறுத்துப்போவது அதனால்தான், பயப்பட வேண்டாம். டீசலுக்கு பில்டரைவிட ஒயிலின் தரம் முக்கியம் என்றுகூடச் சொல்வேன்: டின்னில் சிஐ-4, சிகே-4 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தேவைக்கு மேல் நுணுக்கமான பில்டரைப் போட்டால் அது சீக்கிரம் அடைத்து, வால்வு திறந்து, வடிக்காத ஒயில்தான் ஓடும்.

கொட்டாஞ்சேனைக்காரன் | திங்கள், பிற்பகல் 1.15

ஹயரை மச்சானிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் பஞ்சிகாவத்தை போனேன். (வான் இருந்தாலும் அங்கே நிறுத்த இடம் கிடைத்திருக்காது.) பதிவுப் புத்தகத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு கடையில் "பழையது கொண்டுவரவில்லையா?" என்றுதான் கேட்டார்கள். மூன்றாவது கடையில் கண்ணாடி போட்ட ஒரு வயசான ஐயா செசி நம்பரைக் கொம்பியூட்டரில் அடித்து, உள்ளே போய், இரண்டு பெட்டி எடுத்து வந்தார். ஒன்று கம்பனிப் பெட்டி, மற்றது அதே நம்பருக்கு வேறு கம்பனி செய்தது. நடு ஓட்டையை அளக்கலாமா என்று கேட்டேன், லேத் அண்ணனின் வேர்னியர் பையில் இருந்தது. சிரித்துவிட்டு "அளங்க தம்பி" என்றார். இரண்டும் 17.4. கம்பனிப் பெட்டியையே எடுத்தேன்.

வீட்டில் வந்து நானே பூட்டினேன். என்ன ஒரு வித்தியாசம்! ஒரு விரலால் சுழற்றினால் போகிறது, ஆட்டமே இல்லை. வளையம் தொட்ட பிறகு எவ்வளவு இறுக்குவது?

பழைய_பாஸ் | திங்கள், பிற்பகல் 1.40

வளையத்தில் புது ஒயில் தடவினீர்களா? எஞ்சின் பக்கம் பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லையே? ஒன்றின் மேல் ஒன்று இரண்டு வளையம் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணிய கையோடு முழு ஒயிலையும் வீசி அடித்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அது சுத்தம் என்றால், வளையம் தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று. பில்டரின் பக்கத்தில் வேறு அளவு அச்சடித்திருந்தால் அதன்படி. ரென்ச்சைக் கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | திங்கள், மாலை 4.50

பூட்டி, கராஜ் தம்பியைக் கூப்பிட்டு அவன் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணினேன். பத்து நிமிஷம் ஓடவிட்டு, கீழே கடதாசி விரித்துப் பார்த்தோம். ஒரு பொட்டும் இல்லை.

இனி ஒரு புதுக் கவலை. ஜெனரேட்டர் மாமா வெட்டிப் பார்த்ததைப் படித்ததும் ஆசை வந்து, பையில் கிடந்த பழைய பில்டரை, அந்த எம்20க்கு முன்னால் 5,000 ஓடியதை, லேத் அண்ணனிடம் கொடுத்து வாயைச் சீவி எடுத்தேன். (ஹக்சோவால் அறுக்காதே, அறுத்த தூள் உள்ளே விழுந்து எஞ்சின் தேய்ந்த தூள் என்று பயப்படுவாய் என்றார்.) மடிப்புகளுக்குள் கறுப்பாக, எள்ளு மாதிரிக் கரடுமுரடான துண்டுகள். காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. விரலால் நசுக்கினால் தூளாகிறது. மாமா கரி பிடிபடாது என்றாரே, அப்போ இது என்ன?

வத்தளை_கேடிஎச் | திங்கள், இரவு 7.25

உங்கள் இழையை இரண்டு நாளாகச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. மாமா சொன்னது ஒயிலில் கலந்து மிதக்கும் கரி. நீங்கள் கண்டது கட்டியாகிச் சுட்ட கரி. 1கேடியில் இது தெரிந்த வியாதி. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாசர் தேய்ந்தால், எரிந்த வாயு அதால் கசிந்து மேல் மூடிக்குள் வந்து, அங்கே ஒயிலைச் சுட்டுக் கரியாக்குகிறது. அந்தக் கரி எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்புக்கு இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் இருக்கும் வலையை அடைக்கிறது.

கவனியுங்கள்: அந்த வலை பில்டருக்கு முன்னால் இருக்கிறது. வலை அடைத்தால் உலகத்திலேயே நல்ல பில்டரைப் போட்டாலும் அதற்கு ஒயில் வந்து சேராது. என் வானுக்கு நடந்தது அதுதான், கண்டி ரோட்டில் ஏற்றத்தில் லைட் மின்னியது. பில்டர் பிழை என்று நினைத்து இரண்டு பில்டர் மாற்றினேன். பிறகுதான் சம்பைக் கழற்றினோம், வலை கறுப்பு அப்பம் மாதிரி இருந்தது.

மடுவுக்குப் போகுமுன் சம்பை இறக்குங்கள். இன்ஜெக்டர் வாசரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ9_ஓட்டி | திங்கள், இரவு 8.10

இது எனக்கும் புதுச் செய்தி. எனக்கு கேடி இல்லை, இருந்தாலும் நாளைக்கு என் பழைய பில்டரைக் கடைக்குக் கொண்டுபோகுமுன் ஒருக்கால் வெட்டிப் பார்க்கிறேன். வெட்டிய பிறகு சாம்பிள் காட்ட முடியாது, புத்தகத்தைத்தான் கொண்டுபோக வேண்டும் போல.

கொட்டாஞ்சேனைக்காரன் | வியாழன், இரவு 9.15

சம்பு இறக்கியாயிற்று. வலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தது. படம் போட்டிருக்கிறேன், வலது மூலையில் தெரிவதுதான் அடைத்த இடம். இன்ஜெக்டர் நாலில் இரண்டின் வாசர் கசிந்திருக்கிறது. நாலையும் மாற்றி, வலையை டீசலில் கழுவி, புது ஒயில், இன்னொரு புதுப் பில்டர் (அதே நம்பர், இந்த முறையும் அளந்தேன்). மடு அட்வான்ஸ் முழுவதும் போய், மேலே மச்சானிடம் கடன். ஸ்டார்ட் பண்ணினால் லைட் கண் இமைக்க முன் அணைகிறது.

எம்20 பில்டரைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். லேத் அண்ணன் அதன் தலையைச் சீவி, கராஜ் தம்பிக்குக் காட்டுவதற்கென்று மேசையில் வைத்திருக்கிறார். மரையின் முதல் இரண்டு பல்லும் பளபளவென்று மழுங்கியிருக்கின்றன.

பழைய_பாஸ் | வியாழன், இரவு 9.40

படம் பார்த்தேன். போகலாம். 500 கிலோமீற்றரில் ஒருமுறை அடியில் பாருங்கள். மாதாவுக்கு என் பேரிலும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.